சீனத்துப் பச்சிலையும் மலையகத்துப் புண்ணும்

நோய்களுக்குப் பெயரிட்ட முன்னோர் தாம் கண்ணாற் கண்டதொன்றைக் கொண்டே பெயரிட்டனர். பண்டைக் கிரேக்க வைத்தியர், நாற்புறமும் நாளங்களை விரித்துத் தசையைப் பற்றிக்கொண்ட கட்டியைக் கண்டு அதனை நண்டு என்றனர். இலத்தீன் மொழியார் நண்டுக்கு வழங்கிய சொல்லே இன்று உலகெங்கும் கான்சர் என வழங்குகின்றது. சீனரோ, நோயைக் குறிக்கும் குறியீட்டினுள் பாறையைக் குறிக்கும் வடிவை வைத்து ஓரெழுத்தாக்கினர். கி.பி. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வைத்திய நூலொன்றில் அவ்வெழுத்து வந்துள்ளது என்பர். தமிழர் அதனைப் புற்று என்றனர். நண்டு என்றவர் அதன் பிடியைக் கண்டார். பாறை என்றவர் அதன் வன்மையைக் கண்டார். புற்று என்றவர் கண்டதோ வேறொன்று. வெளியே சிறு வாய். உள்ளே எத்தனை அறை, எத்தனை வழி என்பது மேலே நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது. வாயை மண்ணிட்டு மூடினாலும் புற்று மூடப்பட்டதாகாது.

இவ்வளவையும் வகுப்பறையில் மாணவர்க்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லின் பொருளை அறிந்திருந்தும், பொருளின் பொருளை அறியாதிருந்தேன் என்பதை எழுதவே இக்கட்டுரை. தமிழ்ப் பண்டிதனுக்கும் சீன மூலிகைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு, அது பெருமைக்குரிய தொடர்பன்று.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் என் தந்தையின் தமக்கை வாழ்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். பத்துப் பன்னிரண்டு வயதில் லயத்து அடுப்படியில் கொதிநீர்ப் பானை சரிந்து, அவருடைய இடக்காலின் முன்புறம் முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிற்று. அக்காலத்தில் வேப்பெண்ணெயும் சுண்ணாம்புத் தெளிவுமே மருந்து. புண் ஆறிற்று, தழும்பு நின்றது. மெல்லிய தாள்போல் பளபளக்கும் அத்தழும்பின்மேல் அட்டை கடிக்காதிருக்கச் சவர்க்காரம் பூசிக்கொண்டு, பனியிலும் மழையிலும் மலையேறி இறங்கினார். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அத்தழும்பின் நடுவே ஒரு சிறு புண் கண்டது. மிளகளவு; பின்னர் ஐந்து ரூபா நாணயமளவு. வலியில்லை. வலியில்லாத புண்ணை யார் பொருட்படுத்துவார்? 'பழைய சூட்டுக்காயந்தானே' என்று துணியைச் சுற்றிக்கொண்டார்.

இஃது ஒருபுறமிருக்க, இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று தைலம், சூரணம் முதலியன விற்பவர். கையில் ஒரு சிறிய கண்ணாடிப் புட்டி. மூடியின்மேல் சீன எழுத்துக்கள். உள்ளே கரிய களிம்பு. அதனோடு ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் ஒன்று. “ஐயா, இதை நல்ல தமிழில் எழுதித்தர வேண்டும். சும்மா தமிழில் எழுதினால் சனம் நம்பாது, நீங்கள் எழுதினால் நம்பும்” என்றார். பண்டிதர்களை வீழ்த்த இதைவிடச் சிறந்த படைக்கலம் இல்லை. அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன்.

ஆங்கிலப் பிரசுரத்தில் இருந்தது, ஆறாத புண்ணுக்கும் தோலின்மேல் எழும் சில வளர்ச்சிகளுக்கும் இம்மூலிகைகள் 'உதவக்கூடும்' என்பதே. அந்தக் 'கூடும்' எனக்கு இடைஞ்சலாயிருந்தது. வாக்கியம் நொண்டிற்று, ஓசை அமையவில்லை. அடித்தேன். 'புற்றின் வேரறுக்கும் புனித மூலிகை' என்று எழுதினேன். மோனை அமைந்தது, மனம் மகிழ்ந்தது. அவர் ஓர் உறையில் இரண்டாயிரம் ரூபா வைத்துத் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் அத்தையைக் காணச் சென்றபோது, காற்புண்ணைப் பற்றிக் கேட்டேன். “இப்பச் சுகந்தான் தம்பி. சீனத்து மருந்து போட்டேன். கறுப்பாப் பொருக்குக் கட்டி, அப்பிடியே கழண்டு விழுந்திருச்சு. புற்றின் வேரறுக்கும் புனித மூலிகையாச்சே!” என்றார். எழுத்தறியாத அவர் வாயில் என் மோனைத்தொடர் பிழையின்றி வந்தது. அண்டை வீட்டுப் பிள்ளை வாசித்துக் காட்டியதாம். எழுதியவன் யாரென்று அவருக்குத் தெரியாது. புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோல் மூடியிருந்தது. அப்போதும் எனக்கு அச்சம் தோன்றவில்லை. பெருமிதமே தோன்றிற்று என்பதை மறைத்துப் பயனில்லை.

ஆனி மாதத்தில் மூடிய தோலின் ஓரம் தடித்தது; பூக்கோவா போன்ற சதை எழுந்தது; நாற்றம் கண்டது. என் மகன் வற்புறுத்தியதனால் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளம் டாக்டர் தழும்பையும் புண்ணையும் பார்த்தமாத்திரத்தில் 'எத்தனை வருடத் தழும்பு?' என்றுதான் முதலிற் கேட்டார். ஐம்பதாண்டுகளுக்கு மேல் என்றோம். புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கண்டிக்கு அனுப்பிவைத்தனர். அது தோற்புற்று, செதிற்கலங்களில் எழும் வகை. பழைய சூட்டுத் தழும்பில் பல பத்தாண்டுகள் கழித்து இவ்வாறு புற்றெழுவதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரான்சு நாட்டுச் சத்திர வைத்தியர் மார்ஜோலின் தழும்புப் புண்களைப் பற்றி எழுதியதை ஒட்டி, அவர் பெயராலேயே வைத்தியர் வழங்குகின்றனர்.

அதன் பின்னரே நான் படிக்கத் தொடங்கினேன். வெட்கத்தினால் படித்தேன் என்பதே உண்மை. சீன வைத்தியத்தை வசைபாடக் காரணம் தேடிப் புகுந்தவனுக்கு அத்தனை எளிதான காரணம் கிடைக்கவில்லை. அம்மரபு நம் சித்த மரபைப்போலவே ஆழமும் குழப்பமும் ஒருங்கே உடையது.

தமிழாசிரியர்களுக்கு இனிக்கும் செய்தியொன்றை முதலிற் கூறுகிறேன். 2015ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர் து யூயூ என்னும் சீனப் பெண்மணி. மலேரியாவுக்கு மருந்து தேடும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கான பழஞ்சுவடிக் குறிப்புக்களைத் திரட்டினார். நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி அவற்றுட் பலவற்றில் கூறப்பட்டிருந்தது. ஆயினும் அதனைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு ஒருமுறை பயன்தரும், மறுமுறை பொய்த்துவிடும். பின்னர் கி.பி. 4ஆம் நூற்றாண்டினரான கோ ஹோங் என்பவரின் நூலை மீண்டும் படித்தபோது, அங்கே அடுப்பே பேசப்படவில்லை என்பதைக் கண்டார். இலையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறே அந்நூல் கூறிற்று. வெப்பம் மருந்தைக் கெடுக்கிறது என்று உணர்ந்து, குறைந்த வெப்பத்திலே சாறு பிரித்தெடுத்தார். 1971இல் மருந்து கைகூடிற்று. ஒரு நூலில் சொல்லப்பட்டதை மட்டுமன்றிச் சொல்லப்படாததையும் நோக்கிப் படித்த உரையாசிரியரின் வெற்றியன்றோ இது! என்னைப் போன்றோர் சொல்லைச் சேர்த்தும் நீக்கியும் ஓசை பார்த்துக்கொண்டிருக்க, அவ்வம்மையார் சொல்லைச் சொல்லாகவே பார்த்தார்.

புற்றுநோயிலும் சீன மரபு வெறுங்கையுடன் நிற்கவில்லை. சீனத்தின் வடகிழக்கிலுள்ள ஹார்பின் நகரில் 1970களில் ஜாங் திங்டோங் என்னும் வைத்தியரும் அவருடன் பணியாற்றியோரும், நாட்டுப்புற வைத்தியர் ஒருவரின் மருந்தினை ஆராய்ந்தனர். பாஷாணம், இரசக் கலவை, தேரை நஞ்சு ஆகியன சேர்ந்த பொல்லாத மருந்து அது. நஞ்சை நஞ்சால் தாக்குதல் என்பது அவர்தம் கொள்கை. முள்ளை முள்ளால் எடுப்பது என்பது நம் வழக்கு. ஒவ்வொன்றாக நீக்கி ஆராய்ந்ததில், பயன் தருவது பாஷாணம் ஒன்றே எனத் தெரிந்தது. குருதிப் புற்றில் ஒரு குறிப்பிட்ட வகைக்கு அது மிகச் சிறந்த மருந்தாயிற்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டு உணவு மருந்து நிருவாகமும் அதனை ஏற்றுக்கொண்டது. நம் சித்தர் நூல்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வதும் அதுவே.

கேட்டதும் மகிழ்ச்சி பொங்குகிறதல்லவா? எனக்கும் பொங்கிற்று. அடுத்த ஏட்டைப் புரட்டியதும் அடங்கிற்று. ஏனெனில், அதே பாஷாணமே தோற்புற்றை உண்டாக்கும் பொருள்களுள் முதன்மையானது. பாஷாணக் கரைசலை நெடுங்காலம் மருந்தாக உண்டவர்களின் தோலில் புற்றெழுவதை இலண்டன் வைத்தியர் ஜொனதன் ஹச்சின்சன் 1880களிலேயே எடுத்துக் காட்டினார். தாய்வான் தீவின் தென்மேற்குக் கரையில் பாஷாணம் கலந்த ஆழ்கிணற்று நீரைக் குடித்த மக்களில் 40,421 பேரைப் பரிசோதித்து 1968இல் வெளியிட்ட ஆய்வு, ஆயிரத்துக்குப் பத்துப்பேர்க்கு மேல் தோற்புற்று இருந்ததைக் காட்டிற்று. வெயில் படாத உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆணிபோன்ற சிறு தடிப்புக்கள் முதலில் தோன்றுமாம். நமக்கு இன்னும் அண்மையிலுள்ள சிங்கப்பூரில், ஆஸ்துமாவுக்கென விற்கப்பட்ட சில சீன மருந்துகளை உண்டு பாஷாண நஞ்சேறிய 74 பேரைப் பற்றி 1970களின் நடுவில் வைத்தியர்கள் எழுதினர். ஒரே பொருள் ஒருவன் குருதிப் புற்றைத் தீர்க்கிறது. மற்றொருவன் தோலில் புற்றை விதைக்கிறது. அளவும், தூய்மையும், கொடுப்பவர் யார், கொண்டபின் கண்காணிப்பவர் யார் என்பனவும் அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. தெருவில் விற்கும் புட்டியில் இவற்றுள் எதுவும் இல்லை.

பெயர் மயக்கத்தால் விளைந்த கேடொன்றையும் இங்கே கூறாமற் போக இயலாது. இது பண்டிதர்க்கே உரிய பகுதி. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டுப் புருசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்கென ஒரு நிலையத்திற் சீன மூலிகை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது; பின்னர்ச் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையிற் புற்றும் கண்டது. ஆராய்ந்தபோது, சேர்க்கவேண்டிய வேருக்குப் பதிலாக வேறொரு வேர் சேர்ந்திருந்தது புலனாயிற்று. சீன மொழியில் இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றே; முன்னடை மட்டுமே வேறு. மாறிப் புகுந்த செடி நம் ஆடுதின்னாப்பாளைக்கும் ஈசுரமூலிக்கும் உடன்பிறப்பு. நாமும் வெள்ளைக் கரிசலாங்கண்ணி, மஞ்சட் கரிசலாங்கண்ணி என்று ஒரே பெயரில் இரு வேறு இனச் செடிகளை வழங்குகிறோம். நிகண்டு கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு செடிக்கு எத்தனை பெயர் என்று மாணவரைக் கேட்கிறோம். ஒரு பெயருக்கு எத்தனை செடி என்றும் கேட்டிருக்க வேண்டும்.

இனி, அத்தையின் காலில் அந்தக் கரிய களிம்பு செய்தது என்ன?

புண்ணையும் கட்டியையும் காரமிட்டு எரித்தல் எல்லா நாட்டினரும் அறிந்த முறை. சீனத்துச் சத்திர வைத்தியர் சென் ஷிகோங் 1617இல் எழுதிய நூலில் இத்தகைய கார மருந்துகள் உள்ளன. நம் மரபிலும் காரமும் காரநூலும் உண்டு. வட அமெரிக்கப் பழங்குடியினர் அறிந்த ஒருவகைச் செங்குருதி வேரிலிருந்தும் கரிய களிம்பு செய்து இன்றும் பலர் இரகசியமாக விற்கின்றனர். வியப்பு என்னவெனில், இன்றைய தோற்புற்றுச் சத்திரசிகிச்சை முறைகளுள் மிக நுட்பமானதொன்று இதே களிம்பிலிருந்து பிறந்தது என்பதே. அமெரிக்க நாட்டு விஸ்கொன்சின் மாநிலத்தில் 1930களில் பிரெடெரிக் மோஸ் என்பவர், அவ்வேர்ப்பொடியும் துத்தநாகக் குளோரைட்டும் சேர்ந்த களிம்பைப் புற்றின்மேற் பூசினார். ஆனால் அதனோடு நிற்கவில்லை. களிம்பு பட்டு இறுகிய தசையை மெல்லிய தட்டாக அரிந்தெடுத்து, அதன் அடியையும் ஓரத்தையும் நுணுக்குக்காட்டியில் நோக்கினார். எந்த மூலையிற் புற்று எஞ்சியதோ அந்த மூலையில் மட்டும் மீண்டும் பூசி மீண்டும் அரிந்தார். எங்கும் ஒன்றும் இல்லையெனக் கண்ட பின்னரே நிறுத்தினார். பிற்காலத்தில் களிம்பு கைவிடப்பட்டது, நுணுக்குக்காட்டி கைவிடப்படவில்லை.

புட்டி விற்பவரிடம் களிம்பு உண்டு, நுணுக்குக்காட்டி இல்லை. பூசினால் மேற்புறம் வெந்து பொருக்காகி விழும். புதுத்தோல் ஓடி மூடும். நோயாளி மகிழ்வார்; பண்டிதனும் மகிழ்வான். அடியில் எஞ்சியதோ மூடிய தோலின்கீழ் எவரும் காணாமல் வளரும். வேரறுக்கும் என்று எழுதினேனே, அந்த வேர் ஒன்றைத்தான் அக்களிம்பு அறுக்கவில்லை.

அவ்வாறாயின் பச்சிலைகளால் தோற்புற்றுக்குப் பயனே இல்லையா? இல்லையென்று சொல்லிவிடுவதும் இன்னொரு மோனைத்தொடரே ஆகும். கார்போகரிசியை எடுத்துக்கொள்வோம். வெண்புள்ளிக்கு அதனை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வது நம் நாட்டு வைத்தியம். சீனரும் அவ்விதையை மருந்தாகக் கொண்டவரே. அதிலுள்ள சத்து தோலில் நின்று ஒளியை வாங்கிக் கலங்களைத் தாக்குகிறது. அச்சத்தின் இனத்தைச் சேர்ந்த பொருளை எகிப்து நாட்டுச் செடியொன்றிலிருந்து பிரித்து, புறஊதாக் கதிருடன் சேர்த்துத் தோல்நோய்களுக்குக் கொடுக்கலாயினர். தோலில் தங்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுக்கு, குருதியை வெளியே எடுத்து இம்மருந்தோடு கதிரூட்டி மீண்டும் உடலிற் செலுத்தும் முறையை எடெல்சன் என்பார் 1987இல் வெளியிட்டார். மறு ஆண்டே அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால், இதே மருந்தையும் கதிரையும் பன்முறை பெற்ற தோல்நோயாளருக்குச் செதிற்கலப் புற்று மிகுதியாக வருவதையும் 1979 முதல் ஆய்வாளர் காட்டி வந்துள்ளனர். இங்கும் அதே கதை. நம் லய வாசல்களில் பூத்துக் குலுங்கும் நித்தியகல்யாணியிலிருந்து குருதிப் புற்றுக்கு மருந்து வந்ததைப் பலரும் அறிவர். அதன் இலையை மென்று எவரும் குருதிப் புற்றிலிருந்து மீண்டதில்லை என்பதையும் உடன் அறிதல் நன்று.

சீனத்துப் பச்சிலை என்று நெடுநேரம் பேசினோம். நம் மலைகளிற் பல தலைமுறையாக நெருங்கி நிற்கும் சீனத்துப் பச்சிலையை மறந்துவிட்டோம். தேயிலை என்பதில் 'தே' சீனச் சொல். இலை மட்டுமே நமது. சாயா என்பாரும் சீனச் சொல்லையே சொல்கின்றனர். ஷென்னோங் என்னும் பழங்கால அரசர் பச்சிலைகளை ஒவ்வொன்றாகச் சுவைத்து நஞ்சுண்டு மயங்கியபோது, தேயிலையே அவரை மீட்டது என்பது சீனர் வழங்கும் கதை. மருந்தாகத் தொடங்கிப் பானமானது அது. 8ஆம் நூற்றாண்டில் லூ யூ அதற்கொரு தனி நூலே செய்தார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்தூரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். கோப்பி நோயுற்று அழிந்தபின் மலையெல்லாம் அதுவாயிற்று. நம் முன்னோர் கூடை சுமந்து பறித்ததெல்லாம் சீன மூலிகையே.

அம்மூலிகைக்கும் தோற்புற்றுக்கும் உள்ள உறவு கதையன்று. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் முற்பகுதியில், மயிரில்லாச் சுண்டெலிகளுக்குப் புறஊதாக் கதிர் காட்டித் தோற்கட்டிகளை உண்டாக்கி, ஒரு பகுதி எலிகளுக்கு நீருக்குப் பதிலாகத் தேநீர் கொடுத்தனர். பச்சைத் தேயிலை பருகியவற்றிற் கட்டிகள் குறைந்தன. 1994இல் வெளியான ஆய்வில் நம் நாட்டவர் வடிக்கும் கறுப்புத் தேயிலையும் அவ்வாறே செய்தது. தேயிலையின் கசப்புச் சத்துக்கு மட்டுமன்றிக் கபேனுக்கும் இதிற் பங்குண்டு எனப் பின்னர்த் தெரிந்தது. 2006இல், பச்சைத் தேயிலைச் சத்து நூற்றுக்குப் பதினைந்து பங்கு சேர்ந்த களிம்பொன்றை அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அங்கீகரித்தது. நச்சுயிரியால் மறைவிடத் தோலில் எழும் மருக்களுக்கான மருந்து அது. மூலிகைச் சாறாகவே நின்று, சத்துக்கள் தனித்தனியே பிரிக்கப்படாமல், அந்நாட்டில் மருந்துச்சீட்டுக்குரிய தகுதி பெற்றவற்றுள் அதுவே முதலாவது.

மரு புற்றாகாது, எலி மனிதனாகாது. தேநீர் குடித்தோ தேயிலைச் சாறு பூசியோ மனிதரின் தோற்புற்றுத் தீர்ந்தது என்று எவரும் நிறுவவில்லை. செறிவான பச்சைத் தேயிலை மாத்திரைகளை அளவின்றி உண்பது ஈரலைத் தாக்கும் என ஐரோப்பிய உணவுக் காப்பு அதிகாரசபை 2018இல் எச்சரித்தது. மலைக்குளிருக்கு நாம் குடிப்பதுபோல் 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டிற் பானம் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுக்கு வழியாகலாம் என்று லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் அறிவித்தது. இவ்வறிவிப்பை எங்கள் ஆசிரியர் அறையில் வாசித்தபோது, கோப்பையை ஏந்தியிருந்த ஐவரும் ஒருங்கே ஊதத் தொடங்கினர்.

1925இல் தோன்றி, இன்று தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பக்கமாக இரயிலிற் செல்லும்போதெல்லாம் ஓர் எண்ணம் வரும். செடிக்கு வரும் நோயைப் பற்றி நூறாண்டு ஆராய்ந்தாயிற்று. செடியைப் பறிப்போர் தோலையும் வாயையும் பற்றி அவ்வளவு ஆராய்ந்தோமா? வெண்ணிற மக்களுக்கு வெயிலாற் புற்று வரும்; கருநிறம் நமக்கு ஒரு குடை. ஆதலின் நம்மிடையே அது வெயில் படாத இடங்களிலும், தழும்பிலும், ஆறாப் புண்ணிலும், உள்ளங்காலிலும் ஒளிந்து வருகிறது. பம்பாயில் கனோல்கரும் சூர்யாபாயும் 1945இல் எழுதிய கட்டுரையில், இடுப்பில் வேட்டியை இறுக்கி உடுத்தும் வழக்கத்தாலும், புகைச்சுருட்டின் எரிமுனையை வாயினுள் வைத்துப் புகைக்கும் வழக்கத்தாலும், புகையிலையைச் சுண்ணாம்புடன் வாயில் அடக்கும் வழக்கத்தாலும் வரும் புற்றுக்களைக் காட்டினர். காஷ்மீரத்தார் குளிருக்காக வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் நெருப்புச்சட்டியாலும் வயிற்றுத் தோலிற் புற்று எழும். இவற்றைப் படித்தபோது, சேலைக்கு மேல் படங்கை இறுகக் கட்டிக்கொண்டு மலையேறும் பெண்களின் இடுப்புத் தழும்பு என் நினைவுக்கு வந்தது. குளிருக்கும் பசிக்கும் மாற்றாக அவர்கள் மெல்லும் வெற்றிலையோ இன்னும் பெரிய கேடு. புகையிலை சேராவிடினும் பாக்கு ஒன்றே புற்றுக்குக் காரணமாம் என்று அதே முகவரகம் 2004இல் வெளியிட்டது. வாய்ப்புற்று இலங்கையில், அதிலும் ஆடவரிடையே, மிக மலிந்த புற்றுக்களில் ஒன்று. ஒரு விடுகதை போல் இருக்கிறது: சீனத்திலிருந்து வந்த இலையைப் பறிப்போரை, பக்கத்துத் தோட்டத்துக் கொட்டை கொல்கிறது.

அத்தைக்குக் கண்டியிற் சத்திரசிகிச்சை நடந்தது. புண்ணைச் சூழ நல்ல தசையையும் சேர்த்து அகலமாக வெட்டியெடுத்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டினர். தொடையிடுக்கு நெறிக்கட்டிகளிற் புற்று இல்லையென்று அறிக்கை வந்த அன்று, வைத்தியசாலைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். “எலும்பைத் தொடுவதற்குச் சிறிதே இருந்தது; இன்னும் ஆறு மாதம் தாமதித்திருந்தால் காலையே எடுத்திருக்கவேண்டும்” என்று டாக்டர் கூறினார். களிம்பு போட்டு வீணாக்கிய காலமும் ஏறக்குறைய ஆறு மாதமே.

வீடு திரும்பிய பின் ஒருநாள் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். அந்தத் தாளை எழுதியவன் நானே என்றும், ஆங்கிலத்தில் இருந்த ஒரு சொல்லை ஓசைக்காக விட்டுவிட்டேன் என்றும் கூறினேன். சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்பிடியா? நல்லாத்தான் எழுதியிருந்த தம்பி” என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த இரண்டாயிரம் ரூபாவைக் கொண்டு ஹட்டனில் ஓர் அச்சகத்தில் வேறொரு தாள் அச்சிடக் கருதினேன். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோய் இன்னதென்று தேர்வதை முதலிலும், அதன் காரணத்தை அடுத்தும், தணிக்கும் வழியை அதன் பின்னும் வைத்த முறையை முதலாகக் கொண்டு, ஆறாப் புண்ணின் இலக்கணம், தழும்பின் மாறுபாடு, வாயினுள் தோன்றும் வெண்படலம், செம்படலம் எல்லாவற்றையும் விரித்து ஒரு பக்கம் எழுதினேன். எழுதியதை முதலில் அத்தைக்கே வாசித்துக் காட்டினேன். ஒட்டிய தோலின்மேல் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“இதுல எனக்கு ஒண்ணும் விளங்கலயே தம்பி. மூணு கெழம பாரு, ஆறாட்டி ஆஸ்பத்திரிக்குப் போன்னு எழுது. மருந்து விக்கிறவன் வந்தா, துண்டு வெட்டிப் பாத்தியான்னு கேக்கச் சொல்லு.”

அவ்வாறே எழுதினேன். பிரட்டுக்களத்துச் சுவரிலும், பிள்ளைப்பராமரிப்பு நிலையத்துக் கதவிலும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஒட்டப்பட்டுள்ளது. அச்சகத்தார் கீழே என் பெயரையும் பண்டிதர் பட்டத்தையும் சேர்க்கட்டுமா என்று கேட்டனர். அத்தையின் பெயரைச் சேர்க்கச் சொன்னேன், அவர் மறுத்துவிட்டார். தாளின் அடியில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.